அத்தியாயம் 6: வீட்டு டேப்லெட்டில் தேடிய தடம்

காயல்பட்டினத்து வீடுகளில் டேப்லெட் கூடத்தில் கிடக்கும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கியதாக இருக்கும். இல்லாவிட்டால் ஹாங்காங்கிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊர் வந்த வாப்பா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததாக இருக்கும். யாருக்கென்று வாங்கினார்களோ அவர் கையில் அது தங்குவதே இல்லை. காலையில் பேரனின் பாடம், மதியம் மகள் பார்க்கும் சமையல் வீடியோ, ராத்திரி வெளிநாட்டு வீடியோ கால் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பதும் மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வதும் இந்த ஊர் வழக்கம். அதனால் உம்மா, ராத்தா, தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளைகள் என்று ஒரு டேப்லெட்டை ஐந்தாறு பேர் தொடுகிறார்கள்.

இத்தனை பேர் தொட்டாலும் அதில் இருக்கும் கூகுள் கணக்கு ஒன்றே ஒன்று. வாங்கித் தந்தவர் முதல் நாள் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்திருப்பார்; அன்றிலிருந்து அதுவே ஓடும். இந்த அத்தியாயத்தின் சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

மாதவிடாய் தள்ளிப்போவது பற்றி மகள் ராத்திரி கூகுளில் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் இருக்கும் வாப்பா மறுநாள் தன் போனில் தேடல் பெட்டியைத் தொட்டதும், அவள் தட்டிய சொற்கள் சின்னக் கடிகாரக் குறியோடு கீழே வந்து நிற்கின்றன. இரண்டும் ஒரே கணக்கு என்பதால் கூகுளுக்கு இருவரும் ஒரே ஆள். எதிர்த்திசையிலும் இதே கதைதான். வெளிநாட்டில் தனியாக இருப்பவர் தன் நெஞ்சுவலியைப் பற்றித் தேடியது, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர் நினைத்திருந்த செய்தி, பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் படுகிறது. டேப்லெட்டில் எதையாவது அழிக்கும் முன்னால் "இதில் யாருடைய கணக்கு இருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் மின்னஞ்சல் முகவரி தெரியும்.

தடத்தை அழிக்கிறவர் ஏதோ தப்புச் செய்திருக்கிறார் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பெண்கள் பெரிய தெருவில் இறங்காமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர, வீடுகளுக்கு இடையே முடுக்கு விட்டுக் கட்டிய ஊர் இது. பார்வை படாமல் இருக்கும் உரிமையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நோய், கடன், மனக்கலக்கம் ஆகியவற்றைப் பற்றித் தேடுகிறவருக்கு அந்த உரிமை வீட்டுக்குள்ளும் வேண்டும்.

தடம் தங்கும் இடங்கள்

தேடிய தடம் மூன்று இடங்களில் தங்குகிறது. ஒன்று, டேப்லெட்டுக்குள் இருக்கும் பிரவுசர். இரண்டாவது, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு. அது இருப்பது எங்கோ உள்ள சர்வரில். மூன்றாவது, நீங்கள் போய்ப் பார்த்த இணையதளமும் உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் வைத்திருக்கும் பதிவு. முதல் இரண்டும் உங்கள் கைக்கு எட்டும். மூன்றாவது எட்டாது. பலர் முதல் இடத்தில் மட்டும் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குரோமில் அழிப்பது

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் குரோமைத் திறந்து, வலப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். வரும் பட்டியலில் ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’ என்று இருக்கும். பழைய பதிப்புகளில் ‘கிளியர் பிரவுசிங் டேட்டா’. அதைத் தொட்டதும் எவ்வளவு நேரத்துக்கு உரியதை அழிக்க வேண்டும் என்று கேட்கும். கடைசி 15 நிமிடம், ஒரு மணி நேரம், 24 மணி நேரம், ஏழு நாள், நான்கு வாரம், மொத்தமும் என்று தேர்வுகள் உண்டு. இப்போதைய பதிப்புகளில் முதலில் 15 நிமிடம்தான் தேர்வாகி நிற்கும். அதைக் கவனிக்காமல் அழுத்தினால் நேற்றுத் தேடியது அப்படியே இருக்கும்.

‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தொட்டால் எதை எதை அழிப்பது என்று கட்டங்கள் வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். ‘பிரவுசிங் ஹிஸ்டரி’ என்பது நீங்கள் போன பக்கங்களின் பட்டியல். அதில் டிக் இருந்தால் போதும், பெரும்பாலானவர்களின் தேவை தீர்ந்துவிடும். ‘குக்கீஸ்’ என்பதில் டிக் போட்டால் வங்கி, கடை, பள்ளிக்கூடத் தளம் எல்லாவற்றிலும் மறுபடி உள்ளே நுழைய வேண்டியிருக்கும். கடவுச்சொல் நினைவில் இல்லாத வயதானவர்கள் பயன்படுத்தும் டேப்லெட்டில் இதைச் செய்யும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘கேஷ்’ என்பது படங்களின் தற்காலிகப் பிரதி. இடம் நிறைந்து திணறும் மலிவு டேப்லெட்டில் அதை அழித்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். ‘சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்’ என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் போட்டுவிடாதீர்கள். கணக்கோடு சிங்க் (கருவிகளுக்கிடையே ஒத்திசைவு) ஆகியிருந்தால் வெளிநாட்டில் இருப்பவரின் போனிலிருந்தும் சேமித்த கடவுச்சொற்கள் போய்விடும்.

சிங்க் ஹிஸ்டரிக்கும் பொருந்தும். ஒரே கணக்கில் ஹிஸ்டரி சிங்க் ஆகியிருக்கும் எல்லாக் கருவிகளிலும், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். நல்லதுதான். ஆனால் துபாயில் இருப்பவர் வேலைக்காகத் தேடி வைத்திருந்த பக்கங்களும் சேர்ந்து மறையும். அதனால் பகிர்ந்த கணக்கில் மொத்தத்தையும் துடைக்க வேண்டாம். ‘ஹிஸ்டரி’ பட்டியலைத் திறந்து, உங்களுக்கு வேண்டாத வரிக்குப் பக்கத்தில் இருக்கும் நீக்கும் குறியைத் தொட்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தன் டேப்லெட்டை யாரோ தினமும் திறந்து பார்க்கிறார்கள் என்று பயப்படும் நிலையில் இருக்கும் பெண்ணுக்கு, ஹிஸ்டரி முழுவதும் ஒரே நாளில் காலியாகிக் கிடப்பதே வம்பாகிவிடும். வேண்டாத இரண்டு வரியை மட்டும் எடுத்தால் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

குரோம் தன் பட்டியலில் 90 நாள் வரையிலான பக்கங்களைத்தான் காட்டும். அதற்குப் பிறகு தானாகப் போய்விடும். கூகுள் கணக்கில் அப்படி இல்லை.

கணக்குக்குள் இருப்பது

மகள் குரோமில் அழித்தாலும் வாப்பாவின் போனில் அந்தச் சொற்கள் ஏன் வரும் என்ற கேள்விக்கு விடை ‘மை ஆக்டிவிட்டி’ என்ற பக்கத்தில் இருக்கிறது. கூகுளில் ‘மை ஆக்டிவிட்டி’ என்று தேடினால் முதலிலேயே வரும். உள்ளே போனால் தேடிய சொல், திறந்த பக்கம், பார்த்த வீடியோ, பயன்படுத்திய ஆப் எல்லாம் தேதியும் நேரமும் போட்டு வரிசையாக நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் அதிர்ந்து போவது இங்கேதான். பல வருடங்களுக்கு முந்தைய தேடல்கூட இருக்கலாம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனுக்குப் பிறகு புதிதாகத் திறந்த கணக்குகளில், தேடல் உள்ளிட்ட நடவடிக்கைகளின் பதிவு 18 மாதம் ஆனதும் தானாக அழிய வேண்டும் என்று கூகுள் அமைத்தது. அதற்கு முன்னால் திறந்த கணக்குகளில் அந்த ஏற்பாட்டை உரியவரே போய் இயக்க வேண்டும். வெளிநாடு போன காலத்தில் திறந்த பழைய மின்னஞ்சலையே இன்னும் வைத்திருக்கும் வியாபாரிகள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்கள் கணக்கில் பதிவுகள் காலவரம்பில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்க வாய்ப்பு உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து ‘ஆட்டோ டெலீட்’ என்பதைத் தொட்டால் 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று தேர்வுகள் வரும். பகிர்ந்த டேப்லெட்டுக்கு 3 மாதத்தையே நான் சொல்வேன். ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உடனே அழிக்க வேண்டியதை ‘டெலீட்’ என்பதைத் தொட்டு, ஒரு மணி நேரம், ஒரு நாள், குறிப்பிட்ட தேதிகள் என்று எல்லை போட்டு அழிக்கலாம்.

இதே பக்கத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ‘மேனேஜ் மை ஆக்டிவிட்டி வெரிஃபிகேஷன்’ என்று பெயர். அதை இயக்கினால் முழுப் பதிவையும் பார்க்க முயலும்போது, நீங்கள்தானா என்று கூகுள் ஒருமுறை சரிபார்க்கும். கூடத்தில் கிடக்கும் டேப்லெட்டில் கணக்கு திறந்தே இருந்தாலும், கடந்து போகிறவர் இந்தப் பட்டியலைத் திறந்துவிட முடியாது. தினமும் அழிப்பதைவிட இது எளிது.

அவசரத்துக்கு இன்னொரு வழி: கூகுள் ஆப்பில் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் கடைசி 15 நிமிடத் தேடலை அழிக்கும் தேர்வு வரும். தேடல் பெட்டிக்குக் கீழே வரும் பழைய சொல் ஒன்றை மட்டும் எடுக்க, அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். நீக்கவா என்று கேட்கும்.

மறந்துபோகும் மூலைகள்

யூடியூப் தனியாக ஒரு ஹிஸ்டரி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஆல் ஹிஸ்டரி’ என்பதற்குள் போனால் பார்த்ததையும் தேடியதையும் அழிக்கலாம். யூடியூப்பில் பட்டியலைவிடப் பரிந்துரைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நோயைப் பற்றி மூன்று வீடியோ பார்த்தால், அடுத்துத் திறக்கும் பிள்ளையின் முகப்புப் பக்கம் முழுவதும் அந்த நோயாகவே இருக்கும். அந்த வீடியோக்களைப் பார்த்த பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பரிந்துரையும் மாறும்.

விசைப்பலகையும் கற்றுக்கொள்கிறது. ஜிபோர்டில் நீங்கள் அடிக்கடி தட்டும் சொல், அடுத்தவர் முதல் எழுத்தைத் தட்டியதும் மேலே வந்து நிற்கும். ஜிபோர்ட் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதியில் கற்ற சொற்களை அழிக்கும் தேர்வு உண்டு. தமிழில் தட்டினாலும் இது பொருந்தும்.

டவுன்லோட் ஆன கோப்பை ஹிஸ்டரியை அழிப்பது தொடாது. ரத்தப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் பிரதி எல்லாம் ‘ஃபைல்ஸ்’ ஆப்பில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற இடத்தில் கிடக்கும். அங்கே போய்த்தான் நீக்க வேண்டும். நீக்கியதும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் கேலரியிலும் பாருங்கள்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு

செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, அதற்குள் ‘சஃபாரி’, அதற்குள் ‘கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா’. பழைய பதிப்பில் ‘ஆப்ஸ்’ என்ற படி இருக்காது; ‘சஃபாரி’ நேராக வரும். ஐகிளவுடில் சஃபாரி இயங்கினால் அதே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபோனிலும் ஹிஸ்டரி அழியும். ‘கிளியர் ஹிஸ்டரி’ என்ற வரி மங்கலாக, தொட முடியாதபடி இருந்தால் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் யாரோ இணையக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதை நீக்க அவர் வைத்த எண் வேண்டும். ஐபேடில் கூகுளைப் பயன்படுத்தினால் மேலே சொன்ன ‘மை ஆக்டிவிட்டி’ வேலையையும் தனியாகச் செய்ய வேண்டும். சஃபாரியை அழிப்பதால் கூகுள் கணக்கில் இருப்பது அழியாது.

இன்காக்னிட்டோ எதை மறைக்கும், எதை மறைக்காது

குரோமில் ஹிஸ்டரி பதியாத தனி ஜன்னலான இன்காக்னிட்டோவில் தேடினால், அந்த ஜன்னல்களை மூடியதும் டேப்லெட்டில் ஹிஸ்டரி தங்காது. வீட்டார் கண்ணிலிருந்து மறைக்க அது போதும். வெளியே இருப்பவர்களிடமிருந்து மறைக்க அது போதாது. கூகுள் மேல் 2020ல் கலிஃபோர்னியாவில் போட்ட வழக்கு ஒன்று இதைப் பற்றியதுதான். இன்காக்னிட்டோவில் இருப்பவர்களையும் கூகுள் பின்தொடர்ந்தது என்பது குற்றச்சாட்டு. 2024 ஏப்ரலில் வெளியான சமரசத்தில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் தங்கள் இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிமத்தில் திருத்தம் வந்தது. எந்த பிரவுசரில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பதிவு அழியாது.

நிறுவனங்களிடம் உள்ள நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையை 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஆளுக்கொரு இடம்

அழிப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், ஐந்து பேர் தொடும் டேப்லெட்டில் அழித்துக்கொண்டே இருப்பது தீர்வாகாது என்பதே என் எண்ணம். ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் இந்த வசதி 2012ல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘யூசர்ஸ்’ என்று தட்டுங்கள். புதிய யூசர் ஒன்றைச் சேர்த்தால் அவருக்கென்று தனிக் கணக்கு, தனி பிரவுசர், தனி கேலரி, தனிப் பூட்டு. உம்மாவுக்கு ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று போதும். விருந்தாளிக்கு ‘கெஸ்ட்’ இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும்போது அவர் செய்ததை அழித்துவிடச் சொல்லலாம். சில நிறுவனங்களின் டேப்லெட்டில் இந்த வசதியை எடுத்திருப்பார்கள். வீட்டு உபயோக ஐபேடில் இது இல்லவே இல்லை. அப்படிப்பட்ட கருவியில் குரோமில் ஒருவர், வேறு பிரவுசரில் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வது அடுத்த வழி.

கணக்கு வெளிநாட்டில் இருப்பவருடையது என்றால், அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் வீடியோ காலில் பேசிக்கொண்டே இதைச் செய்யுங்கள். ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் கணக்கை எடுக்கும்போது அவருடைய போனுக்கு எச்சரிக்கை போகக்கூடும். முன்பே சொல்லிவிட்டால் பதற மாட்டார்.

பிள்ளைகள் ஹிஸ்டரியை அழிக்கக் கற்றுக்கொள்வார்கள். பதினைந்து வயதுப் பெண் தன் உடலைப் பற்றித் தேடியதை வாப்பா தேடித் தேடிப் படிக்க வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன வருகிறது என்று பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கூகுளின் பெற்றோர் கண்காணிப்பு வசதியான ‘ஃபேமிலி லிங்க்’ போதும். வளர்ந்த பிள்ளைகளிடம், எதைக் கண்காணிக்கிறோம் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அழிக்கக் கூடாத நேரம்

இணைய மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் பலர் பயந்துபோய் ஹிஸ்டரியையும் மெசேஜையும் அழித்துவிடுகிறார்கள். வீட்டில் திட்டுவார்களே என்ற பயம். அதைச் செய்யாதீர்கள். போலி வங்கிப் பக்கம், பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன லிங்க், முதலீட்டு ஆசை காட்டிய தளம் எதுவானாலும், அதன் முகவரியும் நீங்கள் போன நேரமும் ஹிஸ்டரியில் இருக்கின்றன. போலீசுக்கு வேண்டியது அதுதான். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால் அதை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிறகு ஹிஸ்டரிப் பக்கத்தையும் மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் சேர்த்துவிடுங்கள். ஆட்டோ டெலீட் 3 மாதத்துக்கு அமைத்திருந்தால், புகார் முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். மிரட்டல் மெசேஜ் வந்தவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். வீட்டார் அவர்களைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்துக் கொடுத்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

கை மாற்றும்போது

பழைய டேப்லெட்டை உறவினர் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள் அல்லது கடையில் விற்கிறீர்கள் என்றால் ஹிஸ்டரியை மட்டும் அழித்தால் போதாது. வேண்டிய படங்களை வேறு இடத்தில் சேமியுங்கள். மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குப் போய் எல்லாக் கணக்குகளையும் நீக்கிய பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை எடுக்காமல் விட்டால், ரீசெட் ஆன பிறகும் அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக் கருவி பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. திருட்டுத் தடுப்புக்காக வைத்த பூட்டு அது. அந்தக் கணக்குக்கு உரியவர் ஹாங்காங்கில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம். ஐபேடில் முதலில் ஆப்பிள் கணக்கிலிருந்து சைன் அவுட் செய்யுங்கள். அப்போதே ‘ஃபைண்ட் மை’ அணைந்துவிடும். அதற்குப் பிறகு ‘எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’. திரையில் வரவேற்புப் பக்கம் வந்ததும் அணைத்து, சார்ஜரோடு சேர்த்துக் கொடுங்கள்.